புற்றுக் கலங்களின் புலப்பெயர்வு

மனிதரை வருத்தும் நோய்களுள் புற்றுநோய்க்கு வழங்கும் பெயர்கள் உற்று நோக்கத்தக்கன. கிரேக்க மருத்துவ நூலார் அதனை நண்டு என்னும் பொருள்படப் பெயரிட்டழைத்தனர். கட்டியைச் சுற்றிப் பரந்து செல்லும் நாளங்கள் நண்டின் கால்களை அவர்க்கு நினைவூட்டின போலும். தமிழ் மக்களோ நிலத்தினின்றும் நாடோறும் எழும்பி வளரும் புற்றினை அதற்கு உவமையாக்கினர். ஒரு பெயர் பரவுதலையும் மற்றையது வளர்தலையும் உணர்த்தி நிற்றல் காண்க. இவ்விரு செயல்களுமே இந்நோயின் இரு பெருங் கூறுகளாம். வளர்தல் துன்பந் தருவது. பரவுதலே பெரும்பாலும் உயிரைக் கொள்வது. புற்றுநோயால் இறப்போருள் நூற்றுக்கு 90 பேர் அது பரவியமையாலேயே இறக்கின்றனர் என்பது நூல்களில் நெடுங்காலமாக எடுத்தாளப்படுங் கணக்கு. நோர்வே நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019 இல் வெளிவந்த கட்டுரையொன்று, திண்கட்டிகளால் இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர்க்கே பரவல் காரணமாயிற்று எனக் கூறுகின்றது. எக்கணக்கைக் கொள்ளினும், முதலில் தோன்றிய கட்டியினும் அதிலிருந்து பிரிந்து சென்ற கலங்களே கொடியன என்பது தெளிவு.

கலங்கள் வளர்தற்குரிய காரணத்தைக் கண்டவருள் ஒருவராகப் புகழ்பெற்று, அப்புகழோடு அமைந்துவிடாது, பரவுதலின் காரணத்தைத் தேடுவதிலே தம் ஆராய்ச்சியின் பிற்பகுதியைச் செலுத்தியவர் அமெரிக்க அறிஞர் றொபேட் வைன்பேர்க். அவரது ஆராய்ச்சி நெறியைத் தொடர்ந்து செல்லின், இத்துறை நாற்பதாண்டுகளில் எவ்வாறு ஓங்கிற்று என்பதோடு, எங்கெங்கே இடறிற்று என்பதும் புலனாகும்.

வைன்பேர்க் 1942 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். நாற்சிகளின் கொடுமைக்கு அஞ்சி 1938 இல் ஜேர்மனியை விட்டகன்ற யூத குடும்பம் அவருடையது. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் மருத்துவத்துக்கு முற்படு படிப்பை மேற்கொண்டு சேர்ந்தவர், மருத்துவர்கள் நோயாளரைக் கவனித்தற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் எனக் கேள்வியுற்று உயிரியலுக்கு மாறினாராம். அவரே நகைச்சுவையாகக் கூறும் காரணம் இது. பின்னாளில் ஆய்வுகூடத்தில் அவரும் அவர் மாணவரும் விழித்த இரவுகளை எண்ணுவார்க்கு இது மேலும் நகை விளைப்பதாகும். 1964 இற் பட்டம் பெற்று, இடையில் ஓராண்டு அலபாமாவிலே கறுப்பின மாணவர் பயிலும் ஸ்ரில்மன் கல்லூரியில் உயிரியல் கற்பித்து, 1969 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இஸ்ரவேலிலுள்ள வைஸ்மன் நிலையத்திலும், கலிபோர்னியாவிலே சால்க் நிலையத்தில் ரெனாற்றோ டுல்பெக்கோவின் கீழும் பயின்று, 1972 இல் தாம் கற்ற கழகத்துக்கே மீண்டார்.

அக்காலத்தே புற்றுநோயின் காரணம் வைரசு என்னுங் கொள்கை மேலோங்கி நின்றது. கோழிகளிற் கட்டியை உண்டாக்கும் வைரசை 1911 இலேயே பெய்ற்றன் றவுஸ் கண்டறிந்திருந்தார். அவர்க்கு நோபெற் பரிசு கிடைத்தது 1966 இல். ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு! 1976 இல் பிஷப், வாமஸ் என்போரும் அவர்தங் கூட்டத்தாரும், அவ்வைரசு தாங்கும் புற்றுப் பரம்பரையலகு வைரசுக்கு உரியதன்று, கோழியின் இயல்பான கலத்தினின்றும் கவரப்பட்டதே என நிறுவினர். கள்வன் வெளியிலிருந்து வந்தவனல்லன், வீட்டிலுள்ளவனே என்பது இதனாற் பெறப்பட்டது. ஆனால் மனிதர்க்கு வரும் புற்றுக்களுட் பெரும்பாலானவற்றில் வைரசு எதுவும் காணப்படவில்லை. அங்ஙனமாயின் வீட்டிலுள்ள கள்வன் வைரசின் துணையின்றித் தானே கெடுதல் கூடுமா? இதுவே எஞ்சிய வினா.

1978 ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்திற் பொஸ்ரன் நகரைப் பெரும் பனிப்புயலொன்று மூடிற்று. வாகனங்கள் ஓடவில்லை. சாள்ஸ் ஆற்றுக்கு மேலுள்ள லோங்பெலோ பாலத்தைப் பனியிற் புதைந்து புதைந்து நடந்து கடக்கும்போதே, பின்னர்த் தம் பெயரை நிலைநாட்டிய பரிசோதனை அவருள்ளத்தில் உதித்தது என்பர். இரசாயனப் பொருளாற் புற்றாகிய கலங்களிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, இயல்பான கலங்களுக்குள் அதனைப் புகுத்தின் யாது நிகழும்? அவையும் புற்றாகுமெனின், நோயின் வித்து அந்த டி.என்.ஏ.யினுள்ளேயே இருத்தல் வேண்டும், வைரசு வேண்டா.

எண்ணம் எளிது. செயலோ எளிதன்று. டி.என்.ஏ.யைக் கல்சியம் பொசுபேற்றோடு கலந்து, நுண்ணிய படிவாக்கிக் கலங்களின் மேற் சொரிதல் வேண்டும். கலங்களுள் மிகச் சிலவே அதனை உட்கொள்ளும். ஏற்குங் கலங்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை எலியின் கலங்கள். அவை கண்ணாடித் தட்டிலே ஒன்றையொன்று தொட்டவுடன் பெருகுதலை நிறுத்தி, ஒற்றைப் படையாக அமைந்துவிடும் இயல்பின. புற்றான கலமோ அயலாரைப் பொருட்படுத்தாது ஒன்றன்மேலொன்றாகக் குவியும். ஆகவே, சில கிழமைகளின் பின் தட்டிற் சிறு குவியல்கள் தோன்றுகின்றனவா என்று பார்த்தலே சோதனையின் முடிவு. நாட்டிலே புற்றெழுதலைப் பார்ப்பது போன்றதுதான். சியாஹோ ஷி என்னும் மாணவர் இவ்வேலையைப் பொறுமையோடு செய்தார். 1979 இல் குவியல்கள் தோன்றின. டி.என்.ஏ. மட்டுமே ஒரு கலத்தின் புற்றுத் தன்மையை மற்றொரு கலத்துக்குக் கொண்டு செல்லவல்லது என்பது இங்ஙனம் நிறுவப்பட்டது.

அடுத்து, மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றொன்றின் டி.என்.ஏ.யும் அவ்வாறே செயற்படுதல் காணப்பட்டது. அதனுள் எந்தப் பகுதி குற்றவாளி என்பதைப் பிரித்தெடுப்பதில் வைன்பேர்க், பார்பசிட், விக்லர் ஆகியோர்தம் மூன்று ஆய்வுகூடங்கள் போட்டியிட்டு, 1982 இல் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெற்றி கண்டன. அகப்பட்டது ராஸ் என்னும் பரம்பரையலகு. அது நலமுள்ளார் உடம்பிலும் உள்ளது. அங்ஙனமாயின் வேறுபாடு யாது? ஒவ்வோர் எழுத்தாக ஒப்பு நோக்கியபோது வேறுபாடு ஒரேயோர் எழுத்தே எனத் தெரியவந்தது. அவ்வோரெழுத்தின் பிழையால், புரதத்தின் பன்னிரண்டாம் இடத்திலே கிளைசின் இருக்க வேண்டியவிடத்து வலின் என்னும் அமினோவமிலம் அமர்ந்தது. வளர்க என்னும் ஏவலை ஏற்பதும் தணிப்பதுமாக இருந்த ஆளி, தணியாது ஏற்றியபடியே நின்றுவிட்டது. மனித டி.என்.ஏ.த் தொகுதியின் ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. அவற்றுள் ஒன்று!

இத்தகைய எளிமை அறிஞரையும் மயக்கவல்லது. ஒரு நோய், ஒரு காரணம், இனி ஒரு மருந்து என்னும் நம்பிக்கை பலரிடத்தும் பிறந்தது. ஆனால் வைன்பேர்க்கின் ஆய்வுகூடமே அதனை அடுத்த ஆண்டிற் குலைத்தது. தட்டிலே நெடுங்காலம் வளர்க்கப்பட்ட கலங்களை விடுத்து, எலிக் கருவிலிருந்து புதிதாக எடுத்த கலங்களிலே ராஸைப் புகுத்தியபோது அவை முழுப் புற்றாகவில்லை. மிக் என்னும் மற்றோர் அலகும் உடன் புகுந்தபோதே ஆயின. 1986 இல், குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுக்குக் காரணமான அலகை ஸ்ரீபன் பிரென்ட், தடேயஸ் டிறைஜா என்போருடன் சேர்ந்து பிரித்தெடுத்தார். அது தன் இருப்பினாலன்றி இன்மையினாலே புற்றை விளைப்பது, கலத்தின் தடைக்கட்டை. ஒவ்வொரு கலத்திலுமுள்ள இரு பிரதிகளும் கெட்டாலன்றிக் கட்டி தோன்றாதென அல்பிரட் நட்சன் 1971 இல் நோயாளர் கணக்கை மட்டும் கொண்டு ஊகித்தது மெய்யாயிற்று.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று தனியே குறிப்பிடத்தக்கது. எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து நியூ என்னும் அலகு அவ்வாய்வுகூடத்திலே கண்டறியப்பட்டது. 1982 இல் அதன் புரதத்தை முதன்முதல் இனங்கண்ட கட்டுரையின் முதலாசிரியர் இலட்சுமி சரண் பாதி என்னும் இந்திய ஆராய்ச்சியாளர். ராஸின் புரதம் கலத்தின் உட்புறத்தே ஒளிந்திருப்பது. நியூவின் புரதமோ கலத்தின் புறத்தே தலை நீட்டி நிற்பது. எதிர்ப்பொருளொன்று எட்டிப் பிடிக்கத்தக்க இடம். அத்தகைய எதிர்ப்பொருள் தட்டிலுள்ள கலங்களை இயல்பு நிலைக்குத் திருப்புதலும் 1985 இல் மார்க் கிறீன் குழுவினரோடு சேர்ந்து காட்டப்பட்டது. ஆயினும் மருந்தாக்குதல் வைன்பேர்க்கின் மனஞ் சென்ற வழியன்று. அவ்வலகின் மனித வடிவத்துக்கு எதிரான மருந்து பிறர் முயற்சியால் 1998 இலேயே மார்புப் புற்று நோயாளர் கைக்கு வந்தது. காரணத்தைக் காண்பவனும் அதற்குக் கருவி செய்பவனும் ஒருவனாதல் அரிது. ராஸுக்கோ அதனினும் நீண்ட காலம் சென்றது. ராஸ் குடும்பத்து உறுப்பினரொன்றில், அதே பன்னிரண்டாம் இடத்தில் நிகழும் வேறொரு பிழையைத் தாக்கும் மருந்து முதன்முதல் ஒப்புதல் பெற்றது 2021 இல்.

1999 இல் வில்லியம் ஹான் முதலியோருடன், இயல்பான மனிதக் கலத்தை வரையறுத்த சில அலகுகளைப் புகுத்திப் புற்றாக்கிக் காட்டினார். மறு ஆண்டு டக்ளஸ் ஹனஹனுடன் எழுதிய கட்டுரையிற் புற்றுக் கலத்தின் இலக்கணங்கள் ஆறு என வகுத்தார். இலக்கண நூலார் விதிகளைத் தொகுத்தாற்போன்று, சிதறிக் கிடந்த பல்லாயிரங் கண்டுபிடிப்புக்களை ஓரொழுங்கிற் கொணர்ந்தமையால், இக்கட்டுரை இத்துறையில் மிகுதியும் எடுத்தாளப்படுவதாயிற்று. அவ்வாறனுள் ஐந்து இலக்கணங்களைப் பற்றிக் கூறுதற்கு அந்நாளிற் போதிய செய்திகள் இருந்தன. ஆறாவதாகிய ஊடுருவலும் பரவலும் பற்றிய அறிவே மிகக் குறைவாயிருந்தது. வைன்பேர்க் அதன் பக்கம் திரும்பினார்.

பரவல் என்பது ஒரு செயலன்று. கட்டியிலுள்ள கலம் முதலில் தன் அயற் கலங்களின் பிடியை விடல் வேண்டும். அடித்தளத்தைத் துளைத்தல் வேண்டும். குருதிக் குழாயினுட் புகல் வேண்டும். ஓட்டத்திற் சிதையாது பிழைத்தல் வேண்டும். தொலைவிலே கரையேறல் வேண்டும். அந்நிய மண்ணிலே வேரூன்றிப் பெருகல் வேண்டும். தமிழிற் கலம் என்னுஞ் சொல் மரக்கலத்தையும் குறிக்கும். உயிர்க்கலமொன்று மரக்கலமாகிப் புறப்படுங் கதையாகவே இது அமைகின்றது. அக்கடற்பயணத்திற் கரைசேர்வன மிகச் சில. கதிர்வீச்சு அடையாளமிட்ட கட்டிக் கலங்களை எலியின் குருதியிற் செலுத்தி ஐசாயா பிட்லர் 1970 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நாள் கழியுமுன்னரே ஆயிரத்தில் ஒன்றுக்குங் குறைவானவையே உயிரோடு எஞ்சின. கரைசேரும் இடமும் தற்செயலானதன்று. மார்புப் புற்றால் இறந்த 735 பெண்டிரின் பிரேத பரிசோதனைக் குறிப்புக்களை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஸ்ரீபன் பஜெற், ஈரலில் மிகுதியாகவும் மண்ணீரலில் அரிதாகவும் கட்டிகள் தோன்றுதலைக் கண்டு, விதை எங்கும் விழினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என 1889 இல் எழுதினார். பயிர்த்தொழில் அறிந்தார்க்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது.

இத்தனை படிகளையும் ஒரு புற்றுக் கலம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளுமாயின், அதற்கு எத்தனை விகாரங்கள் வேண்டும்? கட்டியினுள் நிகழுங் குறுகிய காலத்தில் அவை யாவும் நிகழ்தல் கூடுமா? வைன்பேர்க்கின் கூட்டத்தார் இதற்கு வேறொரு விடை கண்டனர். கலம் புதிதாக ஒன்றையும் கற்பதில்லை. கருவிலே கற்றுப் பின் மறந்ததனையே நினைவுகூர்கின்றது என்பது அவ்விடை.

முளையம் உருவாகும்போது, செங்கற்போல் நெருங்கியடுக்கி நிற்கும் மேலணிக் கலங்களுட் சில தம் பிணைப்பை விட்டு, நீண்டு, தனித்து நகர்ந்து, உடம்பின் வேறு பகுதிகளை அமைக்கச் செல்கின்றன. நிலைகலம் அலைகலமாக மாறும் இம்மாற்றத்தை ஹாவாட் பல்கலைக்கழகத்து எலிசபெத் ஹே கோழி முளையத்தில் ஆராய்ந்து விளக்கியிருந்தார். காயம் ஆறும்போதும் அதன் சாயலைக் காணலாம்.

2004 இல் ஜிங் யாங் என்னும் ஆராய்ச்சியாளர் வைன்பேர்க்கின் கூடத்திலே செய்த ஆய்வு இத்தொடர்பை நிலைநாட்டியவற்றுள் தலையாயது. ஒரே எலியின் மார்புக் கட்டியினின்றும் பெறப்பட்ட நான்கு கலக் குடிகள் அவர்க்கு வாய்த்தன. முதலாவது, தோன்றிய இடத்தில் வளருமேயன்றி வெளியே செல்லாது. இரண்டாவது நிணநீர்க் கணு மட்டுஞ் செல்லும். மூன்றாவது நுரையீரலை அடையும். ஆனால் அங்கே கட்டியாக வளராது. நான்காவது முற்றுமுழுதாகப் பரவும். ஒரு வீட்டிற் பிறந்த நால்வருள் ஒருவன் படலை தாண்டான், ஒருவன் சந்தி மட்டும் போவான், ஒருவன் கடல் கடந்தும் பிழைப்பறியான், ஒருவன் போனவிடத்திற் குடியேறுவான் என்றாற்போல, பரவலின் படிகள் இங்கே நால்வேறு கலங்களாய்ப் பிரிந்து நின்றன. இவற்றில் எவ்வலகு மிகுந்து தொழிற்படுகின்றது என ஒப்புநோக்கியபோது ட்விஸ்ற் என்னும் அலகு தென்பட்டது. பழவீயின் முளையம் உருவாதற்கு இன்றியமையாததென முன்னரே அறியப்பட்டது அது. நான்காங் குடியில் அதனைத் தணித்தபோது முதற் கட்டி முன்போலவே வளர்ந்தது. நுரையீரலிற் கட்டிகளோ பெரிதுங் குறைந்தன. வளர்தல் வேறு, பரவுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2008 இல் அக்கூடத்தினின்றும் வெளிவந்த கட்டுரையின் முதலாசிரியர் செந்துறை மணி. அலைகலமாக மாறிய மார்புக் கலங்கள் நகருந் திறனை மட்டுமன்றி, குருத்துக் கலங்களின் இயல்பையும் பெறுகின்றன என அது காட்டிற்று. மார்புப் புற்றினுள் எல்லாக் கலங்களும் ஒத்த வலியுடையன அல்ல. குறித்த அடையாளமுடைய நூறு கலங்களே எலியிற் புதுக் கட்டியை உண்டாக்க, ஏனைய பல்லாயிரம் வாளா கிடக்கும் என மைக்கேல் கிளார்க் குழுவினர் 2003 இற் கண்டிருந்தனர். அவ்வடையாளம் அலைகலங்களிலுங் காணப்பட்டது. போய்ச் சேர்ந்த கலம் எவ்வாறு புதுக் குடியைத் தோற்றுவிக்கின்றது என்பதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைத்தது. 2009 இல் ஏறத்தாழ 16,000 பொருள்களைச் சோதித்து, இத்தகைய கலங்களைத் தெரிந்து கொல்வனவற்றை அவர்கள் தேடினர். அகப்பட்டது சலினோமைசின். அது கோழித் தீனியிற் கலக்கப்படும் மருந்து.

இத்துணை ஒழுங்கான கொள்கை எதிர்ப்பின்றி நிலைபெற்றிருப்பின் அதுவே ஐயத்துக்கு இடமாகும். 2015 இல் ஒரே இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று, அலைகலமாக மாறியவற்றின் நிறம் மாறும்படி செய்து பார்த்தபோது, நுரையீரலிற் கண்ட கட்டிகள் பெரும்பாலும் நிறம் மாறாத கலங்களால் ஆயின என்றது. மற்றையது, கணையப் புற்றுடைய எலிகளில் ட்விஸ்ற்றையோ அதனையொத்த ஸ்நெயிலையோ நீக்கியும் பரவல் குறையவில்லை என்றது. மருந்துக்கு இணங்காமையையே அம்மாற்றம் தருகின்றது என்பது இரண்டின் முடிபும். வைன்பேர்க்கும் வேறு பலரும் 2017 இல் மறுமொழி கூறினர். நிறமாற்றத்துக்குத் தெரிந்த அடையாளம் அலைகலத்தை நம்பத்தக்க முறையிற் காட்டுவதன்று என்பது அவர் வாதம். அவ்வாண்டிலேயே பிறிதொரு குழு, அதே வகைக் கணையப் புற்றில் செப்1 என்னும் வேறோரலகை நீக்கப் பரவல் குறைந்தமை கண்டது. ஓரலகு போகப் பிறிதொன்று அதன் வேலையைச் செய்தல் கூடும் என்பது இதனாற் பெறப்படும். மேலும், முற்றாக அலைகலமாகிவிட்ட கலம் போனவிடத்திற் குடியேற மாட்டாது. மீண்டும் நிலைகலமாதல் வேண்டும் என்பதை ஜிங் யாங் தம் சொந்தக் கூடத்திலே 2012 இற் காட்டியிருந்தார். இடைநிலையில் நிற்குங் கலங்களே கேடு மிக்கன என்பது பின்னர்ப் பலர் கொண்ட கருத்து. வழக்குத் தீர்ந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. ஆயின் முதலிற் கூறப்பட்ட வடிவில் அது நிற்கவில்லை.

எதிர்வாதத்தினும் கசப்பான நிகழ்ச்சியும் உண்டு. மார்புப் புற்றின் பரவலைத் தடுப்பதாகக் கூறப்பட்ட நுண்ணிய ஆர்.என்.ஏ. ஒன்றைப் பற்றி 2009 இல் அக்கூடத்தினர் வெளியிட்ட கட்டுரை 2015 இல் திரும்பப் பெறப்பட்டது. பெருங் கூடமொன்றின் தலைவர் ஒவ்வொரு தட்டையுந் தாமே பார்த்தல் இயலாது. ஆயினும் கட்டுரையிற் பெயரிடுவோர் அதன் பிழையையும் சுமத்தல் வேண்டும். வைன்பேர்க் பெற்ற சிறப்புக்களை விரித்துரைப்போர் இதனை மறைத்தல் தகாது. 1997 இல் அமெரிக்க நாட்டு விஞ்ஞானப் பதக்கம், 2004 இல் வூல்ப் பரிசு முதலியன அவர் பெற்றவை. 1989 இற் பிஷப்பும் வாமசும் பெற்ற நோபெற் பரிசு அவரை அடையவில்லை.

2014 இல் அவர் தம் துறையின் நாற்பதாண்டுகளைத் திரும்பி நோக்கி எழுதினார். முடிவில்லாச் சிக்கலிலிருந்து எளிமைக்கு வந்து, மீண்டும் சிக்கலுக்கே திரும்பியுள்ளோம் என்பது அதன் கருத்து. ராஸின் ஓரெழுத்தைக் கண்டவரே இங்ஙனம் எழுதியமை நோக்கத்தக்கது.

அவர் கூடத்தினின்றும் 2018 இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளரும் மருத்துவரும் நெடுநாளாக ஐயுற்ற ஒன்றனைத் தொட்டது. மார்புப் புற்றை அறுத்தகற்றிய சில பெண்டிர்க்கு, சத்திரசிகிச்சையின் பின் ஓரிரு ஆண்டுகளில் வேறிடத்திற் கட்டி தலைகாட்டுவதுண்டு. அறுவையின்போது கலங்கள் சிதறினவோ என அஞ்சுவர். ஆய்வாளர், எலியின் ஓரிடத்திற் புற்றுக் கலங்களை இட்டு, உடம்பின் காப்புக் கலங்கள் அவற்றை அடக்கி வைத்திருக்கும் நிலையை உண்டாக்கி, தொலைவிலே வேறோரிடத்திற் காயம் செய்தனர். காயம் ஆறுதற்கு உடம்பு எழுப்பிய அழற்சியின் விளைவாகக் காவல் தளர, அடங்கிக் கிடந்த கலங்கள் கட்டியாக எழுந்தன. சிதறலன்று, ஏற்கெனவே ஆங்கிருந்து உறங்கியவை விழித்தலே என்றவாறு. காயஞ் செய்த காலத்தில் மெலொக்சிக்கம் என்னும் சாதாரண அழற்சி நீக்கி மருந்து கொடுக்கப்பட்ட எலிகளில் அக்கட்டிகள் சிறியனவாகவே இருந்தன. இதனைக் கேட்டு எவரும் சத்திரசிகிச்சையைத் தவிர்த்தல் பெருந் தவறாகும். அறுத்தகற்றப்படாத கட்டி செய்யுங் கேடு ஐயத்துக்கிடமற்றது. எலியிற் கண்டது மனிதரிடத்தும் பொருந்துமா என்பதை நோயாளரிடத்தே முறைப்படி நடத்துஞ் சோதனைகளாலன்றி முடிவுசெய்தல் இயலாது.